லென்ஸ் முன்னால் ஃபில்டரா, கேமராவையே மாற்றுவதா? அகச்சிவப்புப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு

அகச்சிவப்புப் படம் எடுக்கலாம் என்று கிளம்புகிற எல்லாரும் முதலில் வந்து முட்டி நிற்கிற இடம் ஒன்றுதான். கையில் ஏற்கெனவே ஒரு கேமரா இருக்கிறது. லென்ஸ் முன்னால் ஒரு கறுப்பு ஃபில்டரை மாட்டினால் போதுமா, இல்லை கேமராவைப் பிரித்து உள்ளே இருக்கிற கண்ணாடியையே எடுத்துவிட வேண்டுமா? நான் ஃபில்டரில் ஆரம்பித்து, ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டி, அப்புறம் அலமாரியில் கிடந்த பழைய கேமராவின் உள்கண்ணாடியை எடுத்து மாற்றிக்கொண்டவன். நான் எந்தக் கட்சி என்பது இதிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் ஃபில்டர்தான் சரி என்று சொல்லக்கூடிய ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

ஒரு குழப்பத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். உடம்புச் சூட்டைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டுகிற தெர்மல் கேமரா வேறு, இது வேறு. அது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கிறது. நாம் பேசுவது கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு முடிகிற 700 நானோமீட்டரில் தொடங்கி 1000-ஐ ஒட்டிப் போகிற வெளிச்சம், அதாவது வெயிலில் தாராளமாகக் கொட்டிக்கிடந்தும் நம் கண்ணுக்குப் படாத பகுதி. இலையில் இருக்கிற பச்சையம் இதை உறிஞ்சுவதில்லை. இலைக்குள் இருக்கிற செல்களும் காற்றிடைவெளிகளும் சேர்ந்து அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால்தான் புளியமரம் பனி பெய்த மாதிரி வெள்ளையாக நிற்கிறது. நீல வானத்தில் இந்த அலைநீளம் மிகக் குறைவாகத்தான் சிதறும், ஆகவே வானம் கறுக்கும். தண்ணீர் இதை விழுங்கிவிடும், குளமும் கறுக்கும். ராபர்ட் வுட் என்கிற அமெரிக்க இயற்பியலாளர் இப்படிப்பட்ட படங்களை 1910-இலேயே வெளியிட்டுவிட்டார். இலை வெளுப்பதை இன்றைக்கும் அவர் பெயரால்தான் வுட் எஃபெக்ட் என்கிறார்கள்.

டிஜிட்டல் கேமராவில் ஒரு வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருக்கிற சிலிக்கான் சென்சாருக்கு 1100 நானோமீட்டர் வரைக்கும் பார்க்கத் தெரியும். அப்படியே விட்டால் சாதாரணப் படங்களில் நிறம் கெட்டுப்போகும் என்பதால், கம்பெனிக்காரர்கள் சென்சாருக்கு முன்னால் ஹாட் மிரர் என்று ஒரு தடுப்புக் கண்ணாடியை ஒட்டிவைக்கிறார்கள். 2006-இல் வந்த லைக்கா எம்8-இல் இந்தக் கண்ணாடி வலுக்குறைவாக இருந்ததால் கறுப்பு செயற்கைத் துணிகள் எல்லாம் ஊதா கலந்த நிறத்தில் விழுந்தன, கடைசியில் வாங்கியவர்களுக்கு அந்தக் கம்பெனியே இரண்டிரண்டு தடுப்பு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆக, நம் கேள்வி முழுக்க இந்த ஒரு துண்டுக் கண்ணாடியைப் பற்றியதுதான். அதை இருக்கவிட்டுப் போராடுவதா, எடுத்துவிடுவதா.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. டிவி ரிமோட்டின் முனையில் இருக்கிற பல்ப் பெரும்பாலும் 940 நானோமீட்டரில் மின்னும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ரிமோட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அமுக்கிக்கொண்டே ஒரு படம் எடுங்கள். பளிச்சென்று வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உங்கள் கேமராவின் தடுப்புக் கண்ணாடி சாது; ஃபில்டர் மட்டுமே போதுமாக இருக்கலாம். மங்கலாக ஒரு பொட்டு, அல்லது ஒன்றுமே இல்லை என்றால், ஃபில்டரை மாட்டி நீங்கள் எடுக்கப்போகிற ஒவ்வொரு படத்துக்கும் டிரைபாட் கட்டாயம். பழைய கேமராக்கள் பொதுவாக இந்தச் சோதனையில் தேறும், புதியவை தோற்கும்.

எனக்கு அது தெரியாது. நேராக 720 நானோமீட்டர் ஃபில்டரை, அதாவது அந்த அலைநீளத்துக்குக் கீழே உள்ள வெளிச்சத்தைத் தடுத்து மேலே உள்ளதை விடுகிற ஃபில்டரை, வாங்கினேன். ஹோயா ஆர்72 என்பதுதான் இந்த வகையில் எல்லாரும் சொல்கிற பெயர், ஆனால் நான் முதலில் வாங்கியது இணையத்தில் கிடைத்த மலிவு விலை ஒன்று. அதில் 720 என்று எழுதியிருந்ததே தவிர சிவப்பு வெளிச்சம் தாராளமாகக் கசிந்தது, இலை வெள்ளையாக வராமல் சோப்பு நுரை மாதிரி ரோஸ் கலரில் வந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லது ஒன்று வாங்கினேன். ஒருவர் கேட்டால் நான் முதலில் சொல்வது, மலிவாக ஒன்றும் பிறகு நல்லதாக ஒன்றும் வாங்குவதற்கு நல்லதையே முதலில் வாங்கிவிடுங்கள் என்பதுதான்.

சரி, நல்ல ஃபில்டர் வந்துவிட்டது. ஒரு ஆடி மாதம் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போனேன். சூரியகாந்தி பூத்திருந்தது, பின்னால் மலை, உச்சியில் சாரல் மேகம். டிரைபாடை வைத்து, ஃபில்டர் மாட்டாமல் ஃபிரேம் பார்த்து, ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, லென்ஸ் அசையாமல் ஃபில்டரைத் திருகி மாட்டி, வியூஃபைண்டர் வழியாக வெயில் பின்னாலிருந்து உள்ளே வராமல் மூடிப்போட்டு, ஐஎஸ்ஓ 200, எஃப்8, 25 விநாடி. நல்ல உச்சி வெயிலில்! வெறும் கேமராவில் அதே வெயிலுக்கு 1/800 விநாடி போதும். அந்த 25 விநாடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று என்ன செய்யும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படத்தில் சூரியகாந்தி இல்லை. வெள்ளையாக ஏதோ கஞ்சி. மேகம் இழுத்த பஞ்சு. தூரத்துக் காற்றாலையின் இறக்கைகள் காணாமல் போய் வெறும் கம்பம் மட்டும் நின்றது. மலை மட்டும் அப்படியே வெட்டி வைத்த மாதிரி, கண்ணுக்குத் தெரிந்ததைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. அகச்சிவப்பு மெல்லிய புகைமூட்டத்தைத் தாண்டிவிடும், ஆனால் நீர்த்துளியால் ஆன மேகத்தைத் தாண்டாது, அதனால் சாரல் மேகம் மேகமாகவே இருந்தது.

இந்த ஒரு படம்தான் என் முடிவைத் தீர்மானித்தது என்று சொல்லலாம். ஃபில்டர் வழியில் செலவு பணமல்ல, நேரம். அசையாத பொருள்கள் உங்கள் விருப்பமென்றால் இது பிரச்சினையே இல்லை. கோயில் பிராகாரம், கல் மண்டபம், பாறை, காற்றில்லாத காலையில் குளக்கரை. இவற்றில் நீண்ட நேரம் ஷட்டர் திறந்திருப்பது ஒரு விதத்தில் அழகுகூட, வந்துபோகிற ஆட்கள் எல்லாம் மறைந்து தெப்பக்குளம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வருடத்துக்குப் பத்துப் படம் எடுத்தால் போதும், இது நமக்கு ஒத்துவருமா என்று ருசி பார்க்க வேண்டும், கேமராவை சாதாரண வேலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறவர்கள் ஃபில்டரை வாங்கலாம். பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம், கேமராவுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஃபில்டர் கண்ணுக்குக் கறுப்பாக இருக்கிறதே என்று அதன் வழியாகச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத்தான் அது தடுக்கிறது, அகச்சிவப்பை முழுசாக விடுகிறது. கண்மணியும் சுருங்காது, வலியும் தெரியாது, விழித்திரை போய்விடும். கிரகணத்தன்று வீட்டுப் பிள்ளைகள் கையில் அது கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டருக்கும் மாற்றத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது: தடுப்புக் கண்ணாடி வலுக்குறைவாக உள்ள பழைய கேமராக்கள். 2004-இல் வந்த நிக்கான் டி70 இதில் பிரபலம். 6 மெகாபிக்சல்தான், ஆனால் ஆர்72 மாட்டினால் புதிய கேமரா அரை நிமிடம் கேட்கிற இடத்தில் இது ஓரிரு விநாடியில் முடித்துவிடும். சோனி எஃப்717 போன்றவற்றில் நைட்ஷாட் என்று ஒரு வசதி, சுவிட்சைத் தள்ளினால் தடுப்புக் கண்ணாடி தானே விலகிக்கொள்ளும். கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் 1998-இல் சோனியின் ஹேண்டிகேம் நைட்ஷாட் மெல்லிய துணிகளுக்கு ஊடே பார்க்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பியதற்குப் பிறகு, அந்த வசதியை மெதுவான ஷட்டரில் மட்டும் வேலை செய்யும்படி பூட்டிவிட்டார்கள். பகலில் எடுக்க மேலே இன்னும் இருட்டு ஃபில்டர்கள் அடுக்க வேண்டும். சிக்மா எஸ்டி14 வரிசையில் அந்தக் கண்ணாடியை விரலாலேயே கழற்றி மாட்டலாம், எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்திருக்கக் கூடாதா என்று தோன்றும், ஆனால் நம் ஊர் செகண்ட் ஹேண்ட் கடைகளில் நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. டி70 கிடைத்தால் வாங்கலாம், மலிவாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கியபின் அதையே மாற்றிவிடுவது இன்னும் நல்லது, ஓரிரு விநாடி என்பதும் காற்றுக்கு அதிகம்தான்.

இனி மாற்றம். தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 720 மாதிரி ஒரு அகச்சிவப்புக் கண்ணாடியை, அதே ஒளியியல் தடிமனில், பொருத்துகிறார்கள். அதற்குப் பிறகு அதே உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப்8, 1/125-க்கு மேல் வேகம் கிடைக்கிறது. டிரைபாட் வேண்டாம். காற்று அடிக்கட்டும். ஆடு மேய்க்கிறவரை, ஓடுகிற பிள்ளையை, பஸ் ஜன்னலிலிருந்து பனங்காட்டை எடுக்கலாம். நம் ஊரில் மத்தியானம் 11 முதல் 3 வரை வெயில் கொளுத்துகிறது என்று எல்லாரும் கேமராவைப் பைக்குள் வைக்கிற நேரம்தான் இதற்கு முகூர்த்த நேரம். மாற்றியபின் அந்தக் கேமராவை கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அது ஒன்றுதான் இழப்பு. அதனால் இருக்கிற ஒரே கேமராவை மாற்றாதீர்கள். பழையதை மாற்றுங்கள்.

தானே பிரிக்கலாமா? வீடியோ பார்த்துச் செய்தவர்கள் நிறைய. ஃபிளாஷ் உள்ள எந்தக் கேமராவிலும் உள்ளே ஒரு மின்தேக்கி 300 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றியும் அது இருக்கும், தொட்டால் கை உதறிவிடும். அதைத் தாண்டினால் தூசி. கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரே ஒரு தூசி மாட்டினாலும் அது உங்களோடு குடும்பம் நடத்தும். கண்ணாடியை எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் விட்டாலோ ஃபோகஸ் விழும் இடம் நகர்ந்துவிடும், கிட்டத்துச் செம்பருத்தி தெளிவாக வரும், தூரத்து மலை வராது. நான் தைரியமில்லாமல் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். அவர்கள் போட்ட கண்ணாடியின் தடிமன் ஒத்துவரவில்லை. வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து ஆட்டோ ஃபோகஸில் எடுத்த ஒவ்வொரு படமும் ஒரே அளவுக்குத் தப்பாக வந்தது, ஏதோ என் கைதான் நடுங்குகிறது என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து எடுத்தபோது சரியாக வந்ததும்தான் புரிந்தது. திரும்பக் கொடுத்துச் சரிசெய்ய இன்னொரு மாதம். இதை மட்டுமே தொழிலாகச் செய்கிற லைஃப் பிக்சல், கோலாரி விஷன் போன்றவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே அனுப்பினால் வேலை சுத்தம், ஆனால் கூலியோடு போகவர கூரியர், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் பழைய கேமராவின் விலையைத் தாண்டிவிடும். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்து ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொன்னால் கணக்கு வேறு.

டிஎஸ்எல்ஆரா (லென்ஸ் வழி வரும் வெளிச்சத்தை உள்ளே ஓர் ஆடி வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடுகிற கேமரா), மிரர்லெஸ்ஸா (அந்த ஆடி இல்லாதது) என்பதற்குப் பதில் மேலே சொன்ன கதையிலேயே இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கிற சென்சார் வேறு, படம் எடுக்கிற சென்சார் வேறு. முன்னது சாதாரண வெளிச்சத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டது, அகச்சிவப்பு சற்றே தள்ளி ஃபோகஸ் ஆகும், ஆகவே மாற்றுகிறவர் ஒரு லென்ஸை வைத்து மறுபடி அளவு சரிபார்க்க வேண்டும். மிரர்லெஸ்ஸில் படச் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தத் தலைவலி கிடையாது, திரையில் இலை வெள்ளையாக நிற்பதையும் எடுக்கும் முன்பே பார்க்கலாம். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் யோசிக்காமல் மிரர்லெஸ்.

எந்தக் கண்ணாடி போடுவது என்பதில்தான் ஆட்கள் ராத்திரித் தூக்கம் கெடுகிறார்கள். 590 போட்டால் சிவப்பும் ஆரஞ்சும் கொஞ்சம் உள்ளே வரும், போட்டோஷாப்பில் சிவப்பு நீலச் சேனல்களை இடம் மாற்றினால் பொன்னிற மரமும் நீல வானமும் கிடைக்கும். முதல் பத்துப் படம் அசத்தலாக இருக்கும், பதினோராவது படத்தில் கல்யாண ஆல்பத்து அட்டை மாதிரி தோன்ற ஆரம்பிக்கும். இது என் ருசி, உங்களுக்கு வேறாக இருக்கலாம். 850 போட்டால் நிறமே கிடையாது, சென்சாரின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றும் அந்த இடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிச்சத்தை விடுவதால் சுத்தமான கறுப்பு வெள்ளை, வானம் அடர்கறுப்பு. 720 இரண்டுக்கும் நடுவே. சேனலை மாற்றினால் லேசான நீல வானம், நிறத்தைக் கழித்தால் நல்ல கறுப்பு வெள்ளை. நான் போட்டது 720, இன்னொரு தடவை போட்டாலும் அதுதான். வெறும் கறுப்பு வெள்ளை மட்டுமே எடுப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு மட்டும் 850. 720 கேமராவின் லென்ஸ் முன்னால் 850 ஃபில்டரை மாட்டி அந்தப் பக்கம் போகலாம், 850 கேமராவில் 720-க்குத் திரும்ப முடியாது.

அப்படியானால் தடுப்பை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடி போட்டு, ஃபுல் ஸ்பெக்ட்ரமாக மாற்றிக்கொண்டு, 590, 720, 850 எதை வேண்டுமானாலும் முன்னால் மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். மிரர்லெஸ் என்றால் தாராளமாக. தடுப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டினால் ஏறத்தாழ சாதாரணக் கேமராவாகவும் ஆகிவிடும். நெபுலாக்கள் எனப்படும் விண்வெளி வாயு மேகங்கள் ஒளிர்கிற ஹைட்ரஜன் ஆல்பா என்னும் சிவப்பு ஒளி 656 நானோமீட்டரில் இருக்கிறது, வானியல் படம் எடுக்கிறவர்களுக்கு அதுவும் கிடைக்கும். 720 கேமராவில் அது கிடைக்காது. டிஎஸ்எல்ஆர் என்றால் வேண்டவே வேண்டாம். இருட்டு ஃபில்டர் லென்ஸ் முன்னால் வந்துவிடுவதால் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது, ஃபில்டர் காலத்துப் பாதி அவஸ்தை மறுபடி வந்து சேரும். எத்தனை லென்ஸ் அளவு இருக்கிறதோ அத்தனை ஃபில்டரும் வாங்காமல், பெரிய அளவில் ஒன்று வாங்கி, சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் ரிங் போட்டுச் சமாளியுங்கள்.

எந்த வழியில் போனாலும் லென்ஸ் காலை வாரும். சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வட்டமாக ஒரு வெளுப்பு விழும், ஹாட் ஸ்பாட் என்பார்கள், அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தைச் சுருக்கச் சுருக்க (எஃப் எண் கூடக் கூட) அது இன்னும் எடுப்பாகத் தெரியும். எல்லார் கையிலும் இருக்கிற கேனான் 50 எம்எம் எஃப்1.8 பழைய மாடலுக்கு இந்தப் பெயர் உண்டு. விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேமராவோடு வருகிற சாதா 18-55 லென்ஸ் தேறிவிடுகிறது, விலை உயர்ந்த சில லென்ஸ்கள் தோற்கின்றன. எஃப்8-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது, அலைநீளம் அதிகம் என்பதால் சின்னத் துவாரத்தில் வெளிச்சம் பரவுவதால் வருகிற டிஃப்ராக்‌ஷன் மங்கலும் சாதாரணப் படத்தைவிடச் சீக்கிரமே வந்துவிடும்.

ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்கிற அமைப்பை) வெயில் பட்ட புல்லில் வைத்து எடுங்கள், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலாக எடுங்கள். படம் திருத்துகிற லைட்ரூம் மென்பொருளில் நிறவெப்பம் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, அதனால் படம் சிவப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அடோபியின் இலவச டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரில் உங்கள் கேமராவின் நிறத்தைச் சரிப்படுத்துகிற புரொஃபைல் ஒன்றை ஒருதடவை செய்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இவ்வளவு எதற்கு, மொபைல் ஆப்பில் இன்ஃப்ராரெட் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்பார்கள். அது பச்சையாக இருப்பதை எல்லாம் வெளுக்கும், இலையையும் பச்சைச் சேலையையும் ஒன்றாகவே. உண்மையான அகச்சிவப்பில் துணியின் நிறத்துக்கு அர்த்தமில்லை, சாயம் எது என்பதுதான் கணக்கு. கார்த்திகை மாதம் மாலை போட்டிருந்த என் மச்சானையும் அவன் கூட்டாளிகள் நாலு பேரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தி எடுத்தேன். ஐந்தும் கறுப்பு வேட்டி. படத்தில் இரண்டு கறுப்பு, மூன்று சாம்பல் வெள்ளை. "என்ன அத்தான், எங்களை விரதத்திலிருந்து எடுத்துட்டீங்களா" என்றான். இதை எந்த ஆப்பும் ஊகித்துச் சொல்லாது.

மாற்றிய கேமராவையே செகண்ட் ஹேண்டில் வாங்குகிற எண்ணம் இருந்தால், அதுதான் இருப்பதிலேயே மலிவான வழி, பணம் கொடுப்பதற்கு முன் மூன்று படம் கேளுங்கள், மூன்றும் ரா ஃபைலாக. வெறும் வானத்தை எஃப்16-இல் ஒன்று, அதில் உள்ளே மாட்டிய தூசியும் ஹாட் ஸ்பாட்டும் தெரிந்துவிடும். டிஎஸ்எல்ஆர் என்றால், தூரத்துக் கோபுரத்தை வியூஃபைண்டர் வழியாக ஆட்டோ ஃபோகஸில் லென்ஸை முழுசாகத் திறந்து ஒன்று, அதே கோபுரத்தை லைவ் வியூவில் ஒன்று. கடைசி இரண்டையும் பெரிதாக்கிக் கலசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று மங்கலாக இருந்தால் தடிமன் தப்பிய கண்ணாடி, அல்லது ஃபோகஸ் அளவு சரிபார்க்காத வேலை, விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்கலாம்.